உருகிய கங்காரு

“அத்தை, இங்கிலாந்துல சிங்கம் இருக்கா?”

தம்பி பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். உலக நாடுகளின் தேசிய விலங்குகளைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கிற படத்தாள் ஒன்றை வாங்கி வந்து, கத்தரிக்கோலும் பசையுமாகக் கூடத்தில் பரப்பி உட்கார்ந்திருந்தான். தாளில் 40 கட்டம். அதில் எட்டு கட்டத்தில் சிங்கம்.

“காட்டுல இல்லை. ஜூவில் இருக்கும்.”

“பெல்ஜியத்துல?”

“அங்கேயும் அதே கதைதான்.”

“அப்புறம் எதுக்கு அத்தை சிங்கத்தைப் போட்டிருக்காங்க?”

நான் யோசிப்பதற்குள், மூலையில் ஈஸிச்சேரில் கண்ணை மூடிக் கிடந்த அப்பா பதில் சொல்லிவிட்டார். “அதெல்லாம் டச் கம்மி சாமி.”

சேலத்துக்காரர்களுக்கு டச் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 80 டச் என்றால் 80 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அப்பா நாற்பத்தைந்து வருஷம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணச் சம்பந்தம், மேடைப் பேச்சு, ஹோட்டல் சாம்பார் எதுவானாலும் அவருக்கு அளவுகோல் அது ஒன்றுதான். அன்றைக்குத் தேசிய விலங்குகளும் மாட்டிக்கொண்டன.

இதற்கிடையில் பையன் ஒரு படத்தை மட்டும் வெட்டிக் குப்பை முறத்தில் போட்டிருந்தான். எடுத்துப் பார்த்தால் ஸ்காட்லாந்து. “தப்பா அடிச்சிட்டாங்க அத்தை. குதிரைக்குக் கொம்பு வெச்சிருக்கான்” என்றான். அவன்மேல் தப்பில்லை. நடக்காத காரியத்தைக் குதிரைக்கொம்பு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கோ தேசிய விலங்கே குதிரைக்கொம்புதான். யூனிகார்ன். பல நூறு வருஷமாக அவர்களுடைய அரச முத்திரையில் நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் யூனிகார்ன் என்ற பெயரிலேயே தங்கக் காசும் அடித்தார்கள். 1603-இல் அவர்கள் ராஜா இங்கிலாந்துக்கும் ராஜாவானபோது, முத்திரையில் இரண்டு பக்கமும் நின்ற யூனிகார்ன்களில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இங்கிலாந்துச் சிங்கத்தை நிறுத்தினார்கள். சம்பந்தி வீட்டுக்கு ஒரு நாற்காலி ஒதுக்குகிற மாதிரி. மிச்சமிருக்கிற யூனிகார்னின் கழுத்திலிருந்து சங்கிலி தொங்கும். இல்லாத மிருகத்தை எதற்குக் கட்டிப் போட வேண்டும் என்று கேட்டான் பையன். நல்ல கேள்விதான். ஆனால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் விரலை விட்டுக் கல் உருண்டையை உருட்டிப் பார்த்தவன் இவன். யாளி எந்தக் காட்டில் இருக்கிறது என்று அங்கே கேட்கவில்லையே.

டச் என்ற பேச்சு வந்ததும் எனக்குப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்துவிட்டது. பரண்மேல் ஏறி எடுத்தேன்.

பள்ளப்பட்டியில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் பட்டறை. கம்பி இழுப்பது ஒருவர், பொடி வைத்து ஊதுவது ஒருவர், சலங்கை கோப்பது அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும். (பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது ஒட்டுப்பொடி வைத்து ஊதுகிற இந்தத் தொழிலிலிருந்து போனது என்பது அப்பாவின் கட்சி.) பழைய வெள்ளியை விற்க வருபவர்களும் உண்டு. அறுந்த அரைஞாண், நசுங்கிய குங்குமச் சிமிழ், எப்போதாவது காசு. காசு வந்தால் அப்பா முதலில் கல்லில் தட்டிச் சத்தம் கேட்பார். அப்புறம் காந்தம் காட்டுவார். அப்புறம்தான் உரைகல். வெள்ளி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர் “எங்களுக்கு எதுக்குங்க, நீங்களே வெச்சுக்கங்க” என்று போய்விடுவார்கள். அப்படி மிஞ்சியவை டப்பாவுக்குப் போகும். உலகத்தில் என்னென்ன மிருகம் எந்தெந்த நாட்டுக்குச் சொந்தம் என்று நான் படித்தது அந்தக் கழிவுக் காசுகளில்தான்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். எஸ்டேட் பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது துணிமணி, பாத்திரத்தோடு ஒரு சுருக்குப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். வாயைத் திறந்து திண்ணையில் கவிழ்த்தார். முப்பது நாற்பது காசு. எல்லாம் வெளிநாடு.

“இதுல எது வெள்ளின்னு பாருங்கண்ணே.”

முதலில் என் கைக்கு வந்ததில் கொழுத்த எலி ஒன்று கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பெருச்சாளியைக் காசில் போடுவார்களா என்று அப்பாவிடம் காட்டினேன். “பிள்ளையார் வாகனமாட்ட இருக்குது” என்றார். காந்தத்தைக் காட்டியதும் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. சுத்த நிக்கல். டப்பாவுக்கு.

அது பெருச்சாளி இல்லை, கனடாவின் பீவர் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆற்றின் குறுக்கே மரத்தைக் கடித்துப் போட்டு அணை கட்டுகிற பிராணி. ஐரோப்பாவில் தொப்பி செய்ய அதன் ரோமம்தான் வேண்டும் என்று ஒரு காலத்தில் பைத்தியமாகத் திரிந்தார்கள். அந்த வியாபாரத்துக்கென்றே 1670-இல் ஹட்சன்ஸ் பே கம்பெனி ஏற்பட்டது. கம்பெனிக் கணக்கில் பீவர் தோல்தான் பணம். இன்ன சாமான் இத்தனை தோல் என்றுதான் விலை. அதாவது காசில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பிராணியே காசாக இருந்தது. தோலை உரித்து உரித்து, கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிய பிறகு, 1937-இல் 5 சென்ட் காசில் ஏற்றினார்கள். நாட்டின் சின்னம் என்று பார்லிமென்டில் சட்டம் போட்டது 1975-இல். ஆனாலும் இதில் டச் உண்டு என்பேன். கனடா என்ற நாடு உண்டான கதையில் பாதி அந்தத் தோலில் இருக்கிறது. சிங்கத்தை இரவல் வாங்கவில்லை அவர்கள்.

பையில் அயர்லாந்துக் காசும் இருந்தது. செம்புக் காசுகள். ஒன்றில் கோழி, குஞ்சுகளோடு. ஒன்றில் பன்றி, குட்டிகளோடு. எனக்கு நம்பவே முடியவில்லை. பன்றியைப் போய் ஒரு நாடு காசில் அடிக்குமா? 1926-இல் அந்த நாட்டுக்குப் புதுக் காசு அடிக்கத் தீர்மானித்தபோது, கவிஞர் யேட்ஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. ராஜா தலை வேண்டாம், வீரசாகசம் வேண்டாம், குடியானவன் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவோம். குதிரை, காளை, வேட்டைநாய், முயல், பன்றி, கோழி. ஆற்றில் பிடிக்கிற சால்மன் மீன். எனக்கு இந்த வரிசைதான் இன்றுவரை பிடித்தது. அவர்கள் பாணியில் நம் ஜில்லாவுக்கு ஒரு காசு அடித்தால் மேச்சேரிச் செம்மறி ஒரு பக்கமும் சேலம் கருப்பு வெள்ளாடு ஒரு பக்கமும் போடலாம். இரண்டும் இந்த மண்ணின் பெயரிலேயே பதிவான இனங்கள். கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தையில் அந்தக் காசைக் கொடுத்து அதே ஆட்டை வாங்கலாம்.

சரி, கங்காருவுக்கு வருகிறேன்.

பையில் பெரிய வட்டக் காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ராணி. மறுபக்கம் ஒரு கேடயம், அதை இந்தப் பக்கம் கங்காருவும் அந்தப் பக்கம் ஈமுவும் பிடித்துக்கொண்டு நின்றன. 1966. அந்தக் காசைத் தட்டியபோது சத்தமே வேறு மாதிரி வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, “எம்பது” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆஸ்திரேலியா 1966-இல் புதுப் பணத்துக்கு மாறியபோது அடித்த 50 சென்ட் காசில் 80 சதவீதம் வெள்ளி. கொஞ்ச நாளில் வெள்ளி விலை ஏறி, காசின் மதிப்பைவிட அதிலிருந்த வெள்ளியின் மதிப்பு அதிகமாகிவிட்டது. ஜனங்கள் பதுக்கினார்கள். 1969-இலிருந்து வெள்ளியே இல்லாமல், பன்னிரண்டு பட்டை வெட்டிய காசாக மாற்றிவிட்டார்கள். அதே கங்காரு, அதே ஈமு, செம்பும் நிக்கலும்.

அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அப்பா அந்த அம்மாவுக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டார். பட்டறையில் அன்றைக்கு வெள்ளி உருக்குகிற வேலை இருந்தது. கொலுசுத் துண்டுகளுக்கு மேலே அந்தக் காசை மூசை என்கிற உருக்குக் கிண்ணத்துக்குள் வைத்தார். எனக்காகவா என்று தெரியாது, கங்காரு பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தார். ஊதல் பிடித்ததும் காசு முதலில் கறுத்தது. செம்பு கலந்திருந்தால் அப்படித்தான் கறுக்கும். அப்புறம் மங்கலாகச் சிவந்தது. கறுப்புக்குள்ளே கங்காருவின் வால் மட்டும் நன்றாகத் தெரிந்தது. விளிம்பு முதலில் தளர்ந்தது. பாகில் போட்ட அச்சு வெல்லம் மாதிரி, ஒரு பக்கமாகச் சரிந்து, அடியில் ஏற்கெனவே உருகிக் கிடந்ததற்குள் அமிழ்ந்தது. ஈமுவா கங்காருவா எது கடைசியில் போனது என்று பார்க்க முடியவில்லை. கண் கூசியது. அடுத்த வாரம் அது யாரோ ஒரு பெண்ணின் காலுக்குக் கொலுசாகப் போயிருக்கும்.

“மிருகம் போட்ட காசுல வெள்ளி இருக்கறது அபூர்வம் கண்ணு. இருந்தா அது நமக்கு” என்றார் அப்பா. சமாதானமாகத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

ஆஸ்திரேலியாக்காரர்களே அதை உருக்கித்தான் சாப்பிடுகிறார்கள் என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கங்காரு இறைச்சி அங்கே சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறது, ஏற்றுமதியும் ஆகிறது. ஈமுவின் கதை இன்னும் மோசம். முத்திரையில் அது ஏறி இருபது சொச்சம் வருஷம் கழித்து, 1932-இல், மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக் காட்டை ஈமு மேய்கிறது என்று ராணுவத்தை அனுப்பினார்கள். மெஷின் கன்னோடு. பறவைகள் சிதறி ஓடின, சிப்பாய்கள்தான் தோற்றுத் திரும்பினார்கள். ஜப்பானில் தேசியப் பறவை பச்சைக் காட்டுக்கோழி. 1947-இல் தேர்ந்தெடுத்தார்கள். வேட்டைக் காலம் வந்தால் அதையும் சுடலாம். சின்னமாக இருப்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை போலிருக்கிறது.

உருகிய ஈமு எங்கள் குடும்பத்தை விடவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து ஓமலூர்ப் பக்கம் இருக்கிற மாமாவின் தோட்டத்தில் வந்து நின்றது. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். பணம் கட்டினால் ஈமுக் குஞ்சு, தீவனம், கொட்டகை, மேற்கொண்டு மாதாமாதம் பராமரிப்புக் காசு. ஈமு கோழி என்று பெயர் வைத்துவிட்டதால் ஏதோ நாட்டுக்கோழி மாதிரி எல்லாருக்கும் நெருக்கமாகப் போய்விட்டது. மாமா தோட்டத்துப் பத்திரத்தை வைத்துப் பணம் கட்டினார். 2012-இல் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. கம்பெனிக்காரர்கள் ஓடிவிட்டார்கள். பறவைகள் ஓடவில்லை. பண்ணைகளில் தீவனமில்லாமல் செத்தன. கடைசியில் அரசாங்கம்தான் தீவனம் போட்டது.

மாமா தன்னுடையவற்றைச் சாகவிடவில்லை. உழவர் சந்தையில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையை மொபெட்டில் கட்டி எடுத்து வருவார். ஆறு பறவைகள், ஆள் உயரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சுக் கண்ணால் பார்க்கும். பெண் ஈமு கழுத்துக்குள்ளிருந்து டம் டம்மென்று ஒரு சத்தம் எழுப்பும். ராத்திரியில் அதைக் கேட்டு, எந்தக் கோயிலில் பம்பை அடிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தாராம். ஈமுவுக்கும் கங்காருவுக்கும் பின்னால் நடக்க வராது, முன்னேறத்தான் தெரியும், அதனால்தான் முத்திரையில் வைத்தார்கள் என்று ஆஸ்திரேலியாவில் சொல்வதுண்டு. இதை நான் மாமாவிடம் சொன்னேன், புத்தியில்லாமல். “ஆமாங்கண்ணு, பணமும் திரும்பி வராது” என்றார்.

டப்பாவில் இந்தியக் காசும் இருக்கிறது. தாத்தா காலத்து 1947 ரூபாய். ஒரு பக்கம் ஜார்ஜ் ராஜா. மறுபக்கம் கால் எடுத்து வைக்கிற புலி. அதற்கு முன்னால் ரூபாயில் வெள்ளி இருந்தது. இது வெறும் நிக்கல். காந்தத்தில் ஒட்டும். “வெள்ளியை எடுத்துக்கிட்டுப் புலியைக் குடுத்துட்டுப் போயிட்டான்” என்பார் அப்பா. வெள்ளைக்காரன் ஆட்சியைப் பற்றி அவர் சொல்கிற ஒரே வாக்கியம் அதுதான்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. விட்டுப் போகிறவன் கடைசிக் காசில் புலி. 1950-இல் குடியரசான பிறகு அடித்த காசில் சாரநாத் தூணின் சிங்கங்கள். சில்லறையில் காளையும் குதிரையும். தேசிய விலங்கு என்று தேர்ந்தெடுத்தபோதும் முதலில் சிங்கத்தைத்தான் வைத்தார்கள். ஆனால் சிங்கம் குஜராத்தின் கிர் காட்டில் மட்டுமே இருந்தது. புலி சுந்தரவனத்திலிருந்து நம் முதுமலை வரை இருக்கிறது. 1972-இல் சிங்கம் இறங்கி, புலி ஏறியது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கவே 1,827 புலிதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி புலிகள் திட்டம் தொடங்கியது. 2022 கணக்கெடுப்பு மதிப்பீடு 3,682. நடுவில் ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒரு புலிகூட இல்லாமல் போய், வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட அவமானமும் நடந்தது. இருந்தாலும் பட்டம் கொடுத்ததோடு காட்டையும் காவலையும் கொடுத்ததால் பிழைத்த விலங்கு இது. பட்டம் பறிபோன சிங்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. 2025-இல் 891. ஆனால் இப்போதும் எல்லாம் ஒரே மூலையில். பங்களாதேஷுக்கும் புலிதான், மலேசியாவுக்கும் புலிதான். நேபாளத்துக்குப் பசு. 2015-இல் வந்த அரசியல் சாசனத்திலும் அதை மாற்றவில்லை.

காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஒரு பிடி கிடந்தது. எவர்சில்வர். எங்கள் ஊர் உருக்காலையில் நாணய வில்லைகள் வெட்டி நாணயச் சாலைக்கு அனுப்பிய காலம் உண்டு. அதனால் அதில் ஏதாவது ஒரு காண்டாமிருகத்துக்குச் சேலம் தோல் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். 2011-இல் அது செல்லாமல் போனபோது உண்டியலை உடைத்து எண்ணியதில் 19 ரூபாய் தேறியது. கடைக்காரர் யாரும் அதற்கு முன்பே வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

பையனுக்கு அதிகம் பிடித்தது மொரீஷியஸ் காசு. முத்திரையின் ஒரு பக்கம் டோடோ, மறுபக்கம் மான். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழிலும் எழுதியிருக்கும் என்று சொன்னதும் கண் விரிந்தது. டோடோ இப்போது இல்லை. 1598-இல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். பறக்கத் தெரியாத, மனிதனைக் கண்டு பயப்படவும் தெரியாத பறவை. கப்பலில் வந்த ஆளும் பன்றியும் எலியும் குரங்கும் சேர்ந்து தீர்த்துவிட்டன. கடைசியாகப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளப்படுவது 1662. அந்த மான் இருக்கிறதே, அதை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டதும் அதே டச்சுக்காரர்கள்தான். ஒழித்தது ஒரு பக்கம், இறக்கியது மறுபக்கம். நடுவில் கேடயம். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதிய முத்திரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கணக்கு எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

படத்தாளில் கத்தாருக்கும் அமீரகத்துக்கும் ஒரே படம். வெள்ளை உடம்பு, நீட்டிய கொம்பு. ஓரிக்ஸ். கத்தார் விமானத்தின் வாலில் இருப்பதும் இதன் தலைதான். எதிர்வீட்டு அண்ணன் பன்னிரண்டு வருஷம் அந்த விமானத்தில் போய் வந்தவர், அதை மான் என்றுதான் சொல்லுவார். 1972-இல் காட்டில் கடைசி ஓரிக்ஸையும் சுட்டுவிட்டார்கள். நல்லவேளையாகப் பத்து வருஷம் முன்பே சிலதைப் பிடித்து அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையில் பெருக்கி வைத்திருந்தார்கள். 1982-இல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். காட்டில் அழிந்தேபோனது என்ற பட்டியலிலிருந்து மூன்று படி மேலே ஏறிய முதல் உயிரினம் அது. டச் பார்க்கிற கணக்கில் இதற்கு நான் 95 கொடுப்பேன்.

கம்போடியாவுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. படத்தாளில் அந்தக் கட்டத்தில் ஒரு மாடு. கூப்ரே என்ற காட்டுமாடு. வெளியுலகம் அதைத் தனி இனம் என்று அறிந்ததே 1937-இல்தான், அதுவும் பாரிஸ் மிருகக்காட்சி சாலைக்கு வந்த ஒரு கன்றைப் பார்த்து. 1960-களில் அந்த நாட்டை ஆண்ட சிஹானூக் அதைத் தேசிய விலங்காக அறிவித்தார். அப்புறம் யுத்தம். காடு முழுக்கக் கண்ணிவெடி, துப்பாக்கி, பசி. 1980-களுக்குப் பிறகு அதை நிச்சயமாகப் பார்த்தவர் யாருமில்லை. டோடோவுக்குப் பட்டம் கிடைத்தது செத்த பிறகு. கூப்ரேவுக்குப் பட்டம் கிடைத்த பிறகு சாவு. “இதை ஒட்டவா வேண்டாமா அத்தை?” என்றான். ஒட்டச் சொன்னேன்.

சார்ட் முடிந்தது. நல்ல மதிப்பெண்ணும் வந்தது. யூனிகார்னுக்கு மட்டும் டீச்சர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து, மே மாதம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். அவருக்கு 82. கொண்டை ஊசி வளைவு இருபதும் ஒத்துக்கொள்ளாது என்று, திரும்பும்போது குப்பனூர் வழியாக இறங்கினோம். அந்தப் பாதையில் கூட்டம் குறைவு. இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மேலே நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி. சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்தான். காப்பிக்கு நிழலாக நட்டு, இப்போது சேர்வராயன் மலைக்கே பிறந்த மாதிரி நிற்கிறது. மரத்தின் பெயரைக் கேட்டதும் அப்பா கண்ணாடியை இறக்கி ஒரு முறை பார்த்துவிட்டு மூடினார். “பேர்தான் சில்வர்.”

வாழவந்தி தாண்டி ஒரு திருப்பத்தில் இரண்டு பைக்கும் ஒரு பால் வண்டியும் நின்றிருந்தன. எங்கள் டிரைவரும் நிறுத்தி விளக்கை அணைத்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாலையோரம் பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பியது.

பத்திரிகையில் காட்டெருமை என்று எழுதுவார்கள். எருமைக்கும் இதற்கும் உறவில்லை, இது மாடு. சங்கப் பாட்டில் ஆமா. கம்போடியாவில் தொலைந்துபோன கூப்ரேவுக்குப் பங்காளி முறை. கோவாவுக்கு மாநில விலங்கு. நமக்கு வரையாடு, அது சேர்வராயன் மலையில் கிடையாது. இங்கே மலைமேல் பெரிய உயிர் என்றால் இதுதான். காப்பித் தோட்டத்துக்குள் வருகிறது, பலாப்பழம் தின்கிறது, சில வருஷம் ஆளையும் முட்டிவிடுகிறது. எங்கள் டப்பாவில் எந்தக் காசிலும் இல்லை.

பால் வண்டிக்காரர் இறங்கி வந்து எங்கள் கண்ணாடியைத் தட்டினார். “ஹாரன் அடிச்சிடாதீங்க சார். தனிக் கடா. அதுவா போற வரைக்கும் நிக்கணும்.” நின்றோம். கறுத்த உடம்பு, தோளில் திமிலாக எழும்பிய மேடு, ஆயிரம் கிலோ இருக்கும். மூச்சு விடுகிற சத்தம் காருக்குள் கேட்டது. காப்பிச் செடி ஒன்று அதன் வயிற்றில் உரசி ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெளுத்திருந்தன, காலுறை மாட்டின மாதிரி.

“தாத்தா, கொலுசு போட்டிருக்குது” என்று கிசுகிசுத்தான் பையன்.

அப்பா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தார். கண் அறுவை செய்த பிறகு அவருக்கு தூரப் பார்வை என்னைவிடத் தெளிவு. கொஞ்ச நேரம் பேசவில்லை. கடா ஒரு காலை எடுத்துத் தார் ரோட்டில் வைத்தது. மங்கலான வெளிச்சத்தில் அந்த வெள்ளை கொஞ்சம் மஞ்சளடித்தது.

“அறுபதுக்கு மேல போகாது சாமி” என்றார். “செம்பு ஜாஸ்தி.”

கடா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கியது. பைக்கில் வந்தவர்கள் வண்டியைக் கிளப்பினார்கள்.